கடிதத்தின் பூட்டும் வீட்டின் காவலும்

பிறருடைய கடிதத்தைப் பிரித்துப் படிப்பது நாணயமுள்ளவர் செய்கையன்று என்பதில் அபிப்பிராய பேதமில்லை. ஆனால் உறையைப் பிரிக்காமலே, யார் யாருக்கு எந்நேரத்தில் எழுதினார் என்று ஒருவன் குறித்து வைத்துக்கொண்டே வந்தால், அதுவும் அந்தரங்கத்துக்குப் பங்கமேயாகும். இன்று ஜனங்களிற் பெரும்பாலோர் தங்கள் செய்திப் போக்குவரத்தை ஏதேனும் ஒரு பெரிய கம்பெனியினிடம் ஒப்புவித்திருப்பதால், அக்குறிப்பேடும் அக்கம்பெனியின் வசமே இருக்கிறது.

இதற்கு மாற்றாக 2014-ம் வருஷத்தில் தோன்றியது மேட்ரிக்ஸ் என்னும் முறை. அது ஒரு கம்பெனியின் சரக்கன்று. எவரும் படித்துக் கையாளும்படி பிரசுரிக்கப்பட்ட விதிகளின் தொகுதி. மின்னஞ்சலைப் போலவே, எவரும் தமக்கென ஒரு சர்வரை நிறுவலாம். ஒரு சர்வரிலுள்ளவர் மற்றொன்றிலுள்ளவரோடு பேசலாம். ஸினாப்ஸ் என்னும் மென்பொருளும், வாடகைக்கு அமர்த்திய ஒரு சிறு கணினியும், ஓர் இணைய முகவரியும் ஒரு சிறு சங்கத்துக்குப் போதும். எலிமென்ட் செயலியில் புதிதாகத் தொடங்கும் தனி உரையாடல்கள் 2020 மே முதல் தாமாகவே பூட்டப்படுகின்றன. அனுப்புவோர் கருவியில் பூட்டப்பட்டுப் பெறுவோர் கருவியில் திறக்கப்படுவதால், இடையிலுள்ள சர்வர் அவற்றைப் படிக்க இயலாது. பிரெஞ்சு சர்க்கார் 2019-ல் தன் உத்தியோகஸ்தர்களுக்கு அளித்த செய்திச் செயலியும் இம்முறையைச் சார்ந்ததே.

நம் தேசத்தில் நிகழ்ந்தது வேறு. 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் ஜீவாதார உரிமையென்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023 மே மாதத்திலோ மத்திய சர்க்கார் 14 செயலிகளைத் தடுத்ததாகச் செய்தி வெளியாயிற்று. எலிமென்ட் அவற்றுள் ஒன்று. ஜம்மு காஷ்மீரத்துப் பயங்கரவாதிகள் அவற்றை உபயோகித்தார்கள் என்பது கூறப்பட்ட காரணம். பலாத்காரத்தை ஒடுக்குவது சர்க்காரின் கடமை; அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் குற்றவாளி ஒருவன் நடந்தான் என்பதற்காக வீதியையே அடைப்பது நீதியாகுமா? வீதியில் வக்கீலும் கட்சிக்காரரும், வைத்தியரும் நோயாளியுமன்றோ நடக்கிறார்கள்!

தனி வீடு கட்டுவதன் நன்மை 2025 செப்டம்பரில் விளங்கிற்று. மேட்ரிக்ஸ் ஸ்தாபனத்தின் சொந்தப் பொதுச் சர்வரே சேமிப்புக் கருவிகள் பழுதுற்று, 55 டெராபைட் தரவை மீட்கும்வரை ஏறக்குறைய ஒரு நாள் நின்றுபோயிற்று. வேறு சர்வர்களில் இருந்தவர்களோ தங்களுக்குள் தடையின்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் சொந்த வீட்டுக்குக் காவலும் சொந்தமே. 2025 ஆகஸ்டில் அறைகளின் அதிகார விதிகளிலிருந்த குறைகளைத் திருத்தி 12-ம் அறைப் பதிப்பு வெளியிடப்பட்டது. சர்வரைப் புதுப்பித்தால் மட்டும் பழைய அறைகள் திருந்திவிடா. ஒவ்வோர் அறையையும் அதன் நிர்வாகியே புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். தரவுக்கும் சர்வரின் கையொப்பச் சாவிக்கும் பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். அங்கத்தினர் தம் மீட்புச் சாவியையும் கருவிகளையும் ஒருங்கே இழந்தால், பூட்டிய பழைய செய்திகளை நிர்வாகியாலும் திறந்து தர முடியாது.

ஆகவே உற்சாகத்தில் ஒரு நாள் நிறுவி, பிறகு மறந்துவிடும் சங்கத்துக்கு இது ஆகாது. பொறுப்பேற்கும் இருவரை முதலில் நியமியுங்கள். அதன் பின் சர்வரை நிறுவுங்கள். பிறர் கையிலுள்ள பூட்டை நம்பாதவர், தம் கையிலுள்ள பூட்டுக்குத் துருவேறவும் விடலாகாது.