சிற்றுருவங்களின் உலகம் – 7: எந்த நாளின் சேறு?

மான்ட்ரியாலின் ரோஸ்மோன்ட் பகுதியில், ரேச்சல் வீதியை அடுத்து நீண்ட செங்கல் முகப்போடு நிற்கும் பழைய கட்டடம் ஒன்றில் இன்று அலுவலகங்களும் பல்பொருள் அங்காடியும் நடக்கின்றன. அங்கே அரிசியும் கீரையும் வாங்கித் திரும்பும் நம்மவர்களில், எண்பது ஆண்டுகளுக்கு முன் அதே வளாகத்திலிருந்து யுத்த டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. கனேடிய பசிபிக் ரயில்வே 1904-இல் தன் எஞ்சின்களையும் பெட்டிகளையும் கட்டுவதற்கென நிறுவிய ஆங்கஸ் பட்டறை அது. 1940-இல் பிரான்ஸில் தன் டாங்கிகளில் பெரும்பகுதியைக் கைவிட்டு மீண்ட பிரிட்டன், புதியவை வேண்டிக் கடல் கடந்து கை நீட்டியபோது, ரயில் எஞ்சின்களும் பெட்டிகளும் செய்து பழகிய அந்தத் தொழிலாளிகள் வாலன்டைன் என்னும் டாங்கியைச் செய்யக் கற்றார்கள். 1941 முதல் 1943 வரை அவர்கள் செய்து முடித்தவை 1,420. பயிற்சிக்கென வைத்துக்கொண்ட 30 நீங்கலாக, ஏனைய யாவும் சோவியத் தேசத்துக்குக் கப்பலேறின.

அந்த வாலன்டைனைத்தான் சென்ற வாரம் 1/35 அளவில் ஒட்டி முடித்தோம். நிஜத்தில் ஐந்தரை மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமும் பதினாறு டன் எடையும் உள்ள அது, மேஜையின் மீது பதினைந்து சென்டிமீட்டராக, ஒரு கைக்குள் அடங்குவதாக நிற்கிறது. கனடாவில் கட்டிய வகையை அச்சாகப் பெட்டியிலிட்டு விற்பது கீவ் நகரத்து மினிஆர்ட் நிறுவனம் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு நெகிழ்ச்சி உண்டு. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி வர்ணம். பண்ணுருட்டி பொம்மைக்காரர் கொலுப் பொம்மைக்குத் தீட்டும் வர்ணம், அந்தப் பொம்மை அன்றுதான் பிறந்தது போலப் பளபளக்க வேண்டும் என்பதற்காக. டாங்கிக்கு நாம் செய்ய வேண்டியதோ அதற்கு நேர் எதிரான காரியம். அது வாழ்ந்த வாழ்வை அதன் மேனியில் எழுத வேண்டும். இதில் நான் ஆதியில் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் வாலன்டைனுக்குக் காக்கி கலந்த பச்சை அடித்து, உலர்ந்ததும் கைக்குக் கிடைத்த செம்மஞ்சள் துருவையெல்லாம் தலை முதல் கால் வரை பூசி, பெருமையோடு பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். யாழ்ப்பாணத்தில் லொறிகளைப் பிரித்துப் பூட்டியவர் அவர். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது ஓடின நாளோ, கிடந்த நாளோ?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரியாமல் தூரிகையைத் தொடலாகாது என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். ஓடிக்கொண்டிருக்கும் டாங்கி முழு மேனியும் துருப்பிடிப்பதில்லை. வீரனின் பூட்ஸ் ஏறி இறங்கும் விளிம்புகளிலும் மூடியின் கைப்பிடியிலும்தான் பச்சை தேய்ந்து இரும்பு தெரியும். சூட்டில் வெந்த புகைக்குழாய் மட்டும் பழுப்பேறும். தரையை அரைக்கும் சங்கிலிப் பட்டையின் முகம் துருவுக்குப் பதில் வெள்ளிபோல் மின்னும். ஆகவே, எண்ணெய்ச் சாயத்தை டர்ப்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, நுனித் தூரிகையால் ஒவ்வொரு ஆணித்தலையின் அடியிலும் ஒரு துளி வைத்து, அது தானே பரவிச் சூழ்ந்துகொள்ள விட வேண்டும். வாலன்டைனின் உடல் ஆணிகளாலும் மரைகளாலும் இணைத்தது. எஞ்சின் கொதிகலன்களில் ஆணியறைந்து பழகிய கைகள் அறைந்தவை அவை. அவற்றை அவசரத்தில் கடப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

பனிக்காலத்து ருஷ்யப் போர்முனையானால், பச்சையின் மேல் சுண்ணாம்பு வெள்ளையைக் கையால் பூசியிருப்பார்கள். நாம் பச்சையின் மேல் கூந்தலுக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் படரவிட்டு, அதன்மேல் அக்ரிலிக் வெள்ளையை அடித்து, ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்தால், கால் படும் இடங்களில் வெள்ளை உரிந்து பச்சை எட்டிப் பார்க்கும்.

சேறு எப்படித் தெறிக்கிறது என்பதற்கு இந்த ஊரின் மார்ச் மாதத்தைவிடச் சிறந்த ஆசான் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்று கவனியுங்கள்: சக்கரத்தின் பின்னே விசிறிபோல் விரிந்து, அடியில் கனத்தும் மேலே செல்லச் செல்லத் துளிகளாய் மெலிந்தும், நேற்றைய உலர்ந்த சாம்பல் படிவின் மேல் இன்றைய ஈரக் கறுப்பு ஏறியும் இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் இங்கிருந்து எடுக்காதீர்கள். உக்ரைனின் மண் கரியது. மழை விழுந்த கோவில்பட்டிக் கரிசலைக் கண்ணால் கண்டவனுக்கு அந்தக் கறுப்பைக் கலக்க வேறு வழிகாட்டி வேண்டியதில்லை.

கிடந்த நாள் என்றாரே பெரியவர், அத்தகைய வாலன்டைனும் ஒன்று உண்டு. ஆங்கஸ் பட்டறையில் பிறந்த 838-ஆம் எண் டாங்கி, 1944 ஜனவரியில் உக்ரைனின் தெலெப்பினோ கிராமத்தருகே உறைந்த நீரைக் கடக்கையில் பனி உடைந்து சதுப்பில் அமிழ்ந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. காற்றுப் புகாத சேற்றில் துரு மெதுவாகவே ஏறும். ஆகையால் 1990-இல் கிராமத்தார் அதை மீட்டபோது டாங்கி டாங்கியாகவே வெளிவந்தது. 1992-இல் அது கனடாவுக்கு அன்பளிப்பாக வந்துசேர்ந்தது. அதே உக்ரைனிலிருந்து இன்று அதன் சிற்றுருவமும் பெட்டியில் வருகிறது. முன்பு சொன்ன நெகிழ்ச்சி அதனால்தான்.

838 இப்போது ஒட்டாவாவில் உள்ள கனேடிய யுத்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மான்ட்ரியாலிலிருந்து சாலைவழி ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். அடுத்த வாரம் நாம் சேறு கலக்குமுன், இயன்றவர்கள் ஒருமுறை போய் அதன் ஆணித்தலைகளை அருகில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.