சொல்லை இழந்தவர் சிந்தையை இழந்தவரா?

ஆங்கில மொழிக்குப் பேரகராதி ஒன்றை 1755 இல் ஆக்கித் தந்தவர் சாமுவேல் ஜோன்சன். சொற்களுக்குப் பொருள் கூறுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட அப்பெருமகனைப் பாரிசவாதம் தாக்கியபோது அவருக்கு வயது 73. 1783 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் திகதி அதிகாலை, இலண்டனில் தமது வீட்டில் அவர் கண்விழித்தார். தலைக்குள் ஏதோ ஒரு குழப்பம். உடலுக்கு எது நேர்ந்தாலும் நேரட்டும், அறிவை மட்டும் விட்டுவை என்று இறைவனை வேண்டினார். அறிவு பிழையின்றி இருக்கின்றதா என்று சோதிப்பதற்காக அந்த வேண்டுதலையே இலத்தீன் செய்யுளாக யாத்துப் பார்த்தார். செய்யுள் நன்றாக அமையவில்லை. ஆனால், அது நன்றாக இல்லை என்பது தமக்குத் தெரிகின்றதே. ஆகவே அறிவுக்குப் பழுதில்லை என்று ஆறுதலடைந்தார். சிறிது நேரத்தின் பின்னரே, தம்மால் வாய்திறந்து பேச முடியவில்லை என்பதை உணர்ந்தார்.

நேயர்களே, பேச்சு நின்றுபோன அந்த வேளையிலும் ஜோன்சனின் உள்ளே இருந்த திறனாய்வாளர் விழித்தேயிருந்தார். பாரிசவாதம் கண்டவர்களின் அறிவைப் பற்றி இன்றைய ஆய்வுகள் சொல்லும் செய்திக்கு இது நல்லதொரு தொடக்கம்.

பாரிசவாதம் என்ற நமது சொல் உடலின் ஒரு பக்கத்தை மட்டுமே குறிக்கின்றது. உண்மையில் நோய் கையிலோ காலிலோ இல்லை, மூளையில் இருக்கின்றது. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் ஒன்று அடைபடுகின்றது, அல்லது வெடிக்கின்றது. ஒட்சிசன் கிடைக்காத நரம்புக் கலங்கள் மடியத் தொடங்குகின்றன. பெரிய குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சையின்றிக் கிடந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று 2006 இல் வெளியான கணிப்பொன்று கூறுகின்றது. மூளையின் இடப்பாதி தாக்கப்பட்டால் வலக் கையும் வலக் காலும் செயலிழக்கின்றன. பெரும்பாலானோருக்கு மொழியின் இருப்பிடமும் அந்த இடப்பாதியே. வலக் கை விழும்போது பேச்சும் சேர்ந்து விழுவது அதனாலேதான்.

மூளையில் மொழிக்கெனத் தனி இடம் உண்டு என்பதை 1861 இல் பாரிஸ் நகரில் போல் புரோக்கா என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். அவரிடம் வந்த நோயாளி ஒருவர் பல ஆண்டுகளாக ‘டான்’ என்ற ஒரே அசையையே உச்சரித்து வந்தார். ஆனால், பிறர் சொல்வதில் பெரும்பகுதி அவருக்கு விளங்கியது. அவர் இறந்த பின் மூளையைப் பார்த்தபோது இடப்பக்கத்து முன்பகுதியில் சிதைவு காணப்பட்டது.

இதற்கு ஐந்தாண்டுகளின் பின் பிரெஞ்சு இலக்கியத்துக்கே பேரிடியாக ஒன்று நிகழ்ந்தது. 1866 மார்ச் மாதத்தில் பெல்ஜியத்தின் நாமூர் நகரத் தேவாலயத்தில் கவிஞர் பொதலயர் நிலைகுலைந்தார். விரைவிலேயே வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. பிரெஞ்சுக் கவிதையின் போக்கையே மாற்றிய அந்த வாயில் எஞ்சியது வசைச்சொல் ஒன்று மாத்திரமே. மகிழ்ச்சிக்கும் கோபத்துக்கும் மறுப்புக்கும் அதுவே அவருடைய மொழி. அவரைப் பராமரித்த கன்னியர்கள் அதைக் கேட்டுக் கலங்கிப்போயினர். ஆனால், பார்க்க வந்த நண்பர்கள் வேறொன்றைக் கண்டார்கள். வாக்னரின் இசையைப் பியானோவில் வாசித்துக் காட்டியபோது கவிஞர் உள்ளம் மலர்ந்தார். 1867 ஓகஸ்ட் 31 ஆம் திகதி, தமது 46 ஆவது வயதில் அவர் காலமானார்.

கன்னியர்கள் கேட்டதும் நண்பர்கள் கண்டதும் ஒரே மனிதரைத்தான். இன்றும் நம் வீடுகளில் இந்த இரண்டு பார்வைகளும் உண்டு. பேச்சிழந்த தகப்பனார் கட்டிலில் இருக்க, அவர் முன்னாலேயே காணி விற்பது பற்றியும் மகளின் கலியாணம் பற்றியும் அவர் இல்லாதவர் போலக் கதைக்கின்றோம். குழந்தைக்குச் சொல்வது போல் உரத்துச் சொல்கின்றோம். ‘அவருக்கு ஒன்றும் விளங்காது’ என்கிறோம். சிலருக்கு உண்மையிலேயே பிறர் பேச்சை விளங்கிக்கொள்ளும் ஆற்றலும் குன்றியிருக்கலாம். ஆயினும், அதைச் சோதித்தறியாமல் தீர்ப்பு வழங்குவது பெரும் அநீதி. மருத்துவரும் இதில் தவறக்கூடும். ஏனெனில், நினைவையும் கவனத்தையும் அளக்கும் சோதனைகளிற் பல சொற்களைக் கொண்டே நடத்தப்படுகின்றன. சொல்லிழந்தவர் அவற்றிலே குறைந்த புள்ளி பெறுவது இயல்பு. அந்தப் புள்ளி அளப்பது நாவையா, அறிவையா என்று கேட்க வேண்டியுள்ளது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. சிலருக்குக் கையும் காலும் தேறிவிடும். பேச்சும் தெளிவாக இருக்கும். ‘சுகமாகிவிட்டார்’ என்று வீட்டார் மகிழ்வர். ஆனால், அவரால் இரண்டு வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டமிட முடியாது. கடைக் கணக்குப் பிழைக்கும். புத்தகத்தில் நாலு பக்கம் வாசிப்பதற்குள் களைத்துவிடுவார். இதைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் வீட்டார் நினைப்பதுண்டு. மூளையின் ஆழத்தே நுண்ணிய குழாய்கள் பழுதடைவதால் வரும் குறை அது.

இந்த அறிவுத்தேய்வு எவ்வளவு பேருக்கு வருகின்றது? ஒக்ஸ்போட் ஆய்வாளர் இருவர் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2009 இல் விடை கூறினர். முதன்முறை பாரிசவாதம் கண்டவர்களுள் பத்தில் ஒருவருக்கு அதன் பின் விரைவிலேயே கடுமையான அறிவுத்தேய்வு புதிதாக ஏற்படுகின்றது. மீண்டும் ஒரு தாக்குதல் வந்தாலோ, மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் அந்நிலைக்கு ஆளாகின்றனர். முதல் தாக்குதலிலிருந்து தப்பியவருக்கு இரண்டாவது வராமல் தடுப்பதே அறிவைக் காக்கும் முதல் வழி என்பது இதனாற் புலப்படும். குருதி அமுக்கத்தைக் கட்டுக்குள் வைத்தல், நீரிழிவைக் கவனித்தல், புகைப்பதை விடுதல், மருத்துவர் தந்த மாத்திரையை இடையில் நிறுத்தாதிருத்தல் ஆகிய சாதாரண காரியங்களே இதற்கான காவல்.

இனி, போனது திரும்புமா என்ற கேள்விக்கு வருவோம். முதிர்ந்த மூளை மாறாதது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1996 இல் அமெரிக்காவில் குரங்குகளை வைத்து நடத்திய ஆய்வொன்று இதை அசைத்தது. கையை இயக்கும் மூளைப் பகுதியிற் சிறு சிதைவு ஏற்பட்ட குரங்குகளுக்கு, அந்தக் கையாலேயே உணவை எடுக்கப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சி பெற்றவற்றில் கைக்குரிய எஞ்சிய பகுதி சுருங்காமல் நின்றது; சிலவற்றில் அயலிலும் பரவியது. ஒரு தெரு மூடப்பட்டால் ஒழுங்கைகள் வழியே போக்குவரத்து நடப்பது போன்றது இது. ஆனால், நடக்க நடக்கத்தான் ஒழுங்கை பாதையாகும்.

மொழிக்கும் இது பொருந்துமா? ஜேர்மனியில் நடந்த ஆய்வின் முடிவு 2017 இல் வெளிவந்தது. பாரிசவாதம் கண்டு ஆறு மாதமோ அதற்கு மேலோ கடந்தும் பேச்சுக் குறையோடிருந்த 156 பேர் அதில் பங்குபற்றினர். மூன்று வாரம், வாரத்துக்குப் பத்து மணித்தியாலத்துக்குக் குறையாமல் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் அன்றாட உரையாடலில் முன்னேறினர். காத்திருந்தவர்கள் அவ்வாறு முன்னேறவில்லை. ‘ஆறு மாதம் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய இயலாது’ என்ற பேச்சுக்கு இது மறுப்பு.

வானொலி கேட்பவர்களுக்கு உவப்பான ஆய்வொன்றும் உண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 60 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் தமக்குப் பிடித்த இசையை நாள்தோறும் இரண்டு மாதம் கேட்டனர். மற்றொரு குழு ஒலிப்பதிவு செய்த நூல்களைக் கேட்டது. மூன்றாவது குழுவுக்கு இவை தரப்படவில்லை. 2008 இல் வெளியான முடிவின்படி, சொல் நினைவிலும் கவனத்திலும் இசை கேட்டவர்களே கூடுதலாகத் தேறினர். மனச்சோர்வும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. இசை மருந்துக்குப் பதிலாகாது, மருந்தோடு துணையாகும்.

ரொறன்ரோ நகரில் வாழ்ந்த துப்பறியும் நாவலாசிரியர் ஹொவாட் எங்கல் 2001 இல் ஒரு நாட் காலை பத்திரிகையை எடுத்தார். எழுத்துகள் யாவும் அறியாத வேற்றுமொழி போலத் தோன்றின. எழுத முடிந்தது, தாம் எழுதியதைத் தாமே வாசிக்க முடியவில்லை. எழுத்தைக் காணும் பகுதிக்கும் மொழிப் பகுதிக்கும் இடையிலான தொடர்பு அறுந்ததே காரணம். நாவின் நுனியாற் பற்களின் பின்புறத்தில் எழுத்தின் வடிவை வரைந்து வரைந்து, கண் செய்யாத வேலையை நாவாற் செய்யப் பழகினார். 2005 இல் அடுத்த நாவலை வெளியிட்டார். அதன் துப்பறிவாளனுக்கும் வாசிக்க இயலாத அதே குறை!

சுவீடன் நாட்டுக் கவிஞர் தோமஸ் ட்ரான்ஸ்ட்ரோமரின் கதை இன்னும் வியப்பானது. தொழிலால் அவர் உளவியலாளர். 1974 இல் வெளிவந்த நெடுங்கவிதையொன்றில், பாரிசவாதத்தாற் பேச்சிழந்தும் இசை படைத்த இசையமைப்பாளர் ஒருவரைப் பாடியிருந்தார். சோவியத் இசையமைப்பாளர் ஷெபாலினை மனதிற் கொண்டு பாடியது என்பர். 1953 இலும் 1959 இலும் தாக்கப்பட்டு மொழியை இழந்த ஷெபாலின், 1962 இல் தமது ஐந்தாவது சிம்பொனியை நிறைவு செய்தவர். கவிதை வந்து பதினாறு ஆண்டுகளின் பின், 1990 இல், கவிஞருக்கே அதே விதி நேர்ந்தது. வலக் கை வீழ்ந்தது. சில சொற்களே எஞ்சின. அவர் இடக்கையால் பியானோ வாசித்தார். மனைவி மொனிக்கா அவருடைய குரலானார். 2004 இல் பெரும்பாலும் ஹைக்கூக்கள் அடங்கிய தொகுதியைத் தந்தார். 2011 இல் நோபல் பரிசு பெற்றார். 2015 இல் மறைந்தார்.

எல்லோரும் ட்ரான்ஸ்ட்ரோமர் ஆவதில்லை. பலருக்கு மீட்சி பாதியிலேயே நின்றுவிடும். சிலருக்கு இல்லாமலும் போகும். ஆனால், எவருக்கும் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணித்தியாலத்துள் ஏற்றப்பட வேண்டும். வீடு திரும்பியவரோடு முகத்தைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றாகச் சொல்லுங்கள். ஆம், இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லக்கூடிய வினாக்களைக் கேளுங்கள். அவர் சொல்லைத் தேடும்போது நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காதீர்கள்; பொறுத்திருங்கள். அவர் தேடுகிறார் என்பதே உள்ளே ஒருவர் விழித்திருக்கிறார் என்பதற்குச் சான்று.