மேற்குச் சுவரின் வெக்கை தணிய

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை வெயில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த பின்னரும் எம்மில் பலர் தகரக் கொட்டில்களில் காலம் கழித்தோம். சம்பூர் மக்களுக்குக் காணி திரும்பக் கிடைக்க 2015, 2016 ஆகிவிட்டது.

இன்றும் பல பெண்களின் கைத்தொழில் வீட்டோடு இறக்கிய தகரப் பத்தியில்தான் நடக்கிறது. துறைமுகத்தை அண்டிய ஒழுங்கையில் உள்ள எனது தையல் பத்தி எட்டடி நீளம், ஆறடி அகலம். மேற்குப் பக்கம் முழுவதும் தகரம். பின்னேரம் மெஷினில் இருக்க முடியாவிட்டால் அன்றைய உழைப்பில் பாதி போய்விடும்.

உள்ளே பலகை அடித்தால் இருக்கிற இடமும் குறையும். தகரம் சூடேறிய பிறகு மறிப்பதைவிட, அதில் வெயில் படாமல் வெளியிலேயே மறிப்பது நல்லது. நான் செய்தது இதுதான்.

முதலில் தகரத்தின் வெளிப்புறத்துக்கு வெள்ளை பெயின்ற் பூசினேன். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். அதன்மேல் இரண்டு அங்குலச் சிலாகைகளை நெடுக்காக அடித்து, அவற்றில் கிடுகைக் கட்டினேன். ஒழுங்கைப் பக்கம் போனது மூன்று அங்குலம் மட்டுமே. உள்ளே ஓர் அங்குலமும் குறையவில்லை.

கிடுகுக்கும் தகரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மேலும் கீழும் அடைக்கக் கூடாது. சூடான காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று வரும். கறையான் ஏறாமலும் மழைத்தண்ணீர் தெறிக்காமலும் இருக்கக் கிடுகை நிலத்திலிருந்து அரை அடி உயர்த்திக் கட்டுங்கள். ஐப்பசி மாரிக்கு முன் உக்கிய கிடுகுகளை மாற்றுங்கள். கூரையும் தகரமென்றால் அதன்மேலும் கிடுகு பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம்.

சகோதரிகளே, சில விடயங்களில் மிகக் கவனம் தேவை. அடுப்புக்கு அருகில் கிடுகு வேண்டாம். ரிஜிபோம் அட்டையும் எளிதில் தீப்பிடிக்கும். அதன் புகை நஞ்சு. பழைய அஸ்பெஸ்ரஸ் தகடுகளை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி சுவாசப்பையைக் கெடுக்கும். மின்வயர் தகரத்தில் உரசுகிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

இரண்டு பெண்கள் சேர்ந்தால் ஒரு பகலில் முடிக்கலாம். கிடுகு பின்னத் தெரிந்தவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமே வாங்கினால் அந்தக் காசு இன்னொரு பெண்ணின் அடுப்பை எரிக்கும்.