கையடக்க டிஜிட்டல் கேமராவும் அதன் துணைக்கருவிகளும்

கையடக்க டிஜிட்டல் கேமரா என்பது லென்ஸ், ஒளி உணரி, திரை, ஃபிளாஷ் ஆகியவை ஒரே உடலுக்குள் அமைந்த சிறிய ஒளிப்படக் கருவி ஆகும். இதன் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. அணைத்தவுடன் லென்ஸ் உள்ளே மடங்கிக்கொள்வதால் பெரும்பாலான கேமராக்களைச் சட்டைப்பையிலோ சிறு கைப்பையிலோ வைத்துக்கொள்ளலாம்.

பொத்தானை அழுத்தினால் படம் விழுந்துவிடும் என்பதே இவ்வகைக் கேமராவின் கவர்ச்சி. ஆனால் எடுத்த படம் பத்திரமாக நம் கைக்கு வந்து சேர்வது பேட்டரி, மெமரி கார்டு முதலிய துணைக்கருவிகளைப் பொறுத்தது. கேமரா பழுதானால் வேறொன்று வாங்கலாம். ஒரு திருமணத்தின் படங்களோ, கள ஆய்வில் எடுத்த படங்களோ போனால் போனதுதான். ஆகவே புதிய கேமரா வாங்கியவர் அதை முக்கிய நிகழ்ச்சிக்கு எடுத்துச் செல்லும் முன், அதன் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது, எங்கே கைவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

தோற்றம்

ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேர்த்து வைக்கும் சி.சி.டி. என்னும் சில்லை 1969-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினர். இதற்காக 2009-இல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1975-இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் இச்சில்லைக் கொண்டு கையால் தூக்கக்கூடிய டிஜிட்டல் கேமரா ஒன்றை உருவாக்கினார். அதன் எடை சுமார் 3.6 கிலோ. 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 நொடிகள் தேவைப்பட்டன.

1995-இல் காசியோ நிறுவனத்தின் கியூவி-10 கேமரா பின்புறத் திரையுடன் பொது மக்களுக்கான விற்பனைக்கு வந்தது. எடுத்த படத்தை அங்கேயே பார்க்கும் வழக்கம் இதன்பின் பரவியது. 2010-ஆம் ஆண்டில் உலகெங்கும் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை கையடக்க வகை. பின்னர் திறன்பேசிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும் லென்ஸின் உண்மையான ஜூம், பெரிய உணரி ஆகிய காரணங்களுக்காக இக்கேமராக்கள் இன்றும் வாங்கப்படுகின்றன.

பெட்டியில் இருப்பவை

பெரும்பாலான புதிய கேமராக்களுடன் பேட்டரி, சார்ஜர் அல்லது யூ.எஸ்.பி. கேபிள், மணிக்கட்டு வார், கையேடு, உத்தரவாத அட்டை ஆகியவை தரப்படும். மெமரி கார்டு பொதுவாகத் தரப்படுவதில்லை. அதைத் தனியே வாங்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 2012-இல் வெளிவந்த சோனி சைபர்-ஷாட் ஆர்எக்ஸ்100 கேமராவை எடுத்துக்கொள்ளலாம். பேட்டரியும் கார்டும் சேர்த்து இதன் எடை 240 கிராம். இதன் பெட்டியில் பேட்டரி, மின் அடாப்டர், மைக்ரோ யூ.எஸ்.பி. கேபிள், மணிக்கட்டு வார் முதலியவை இருந்தன. தனிச் சார்ஜர் இல்லை. பேட்டரி கேமராவுக்குள் இருந்தபடியேதான் சார்ஜ் ஆகும். இது வசதிதான். ஆனால் ஒரு பேட்டரியைப் பயன்படுத்திக்கொண்டே மற்றொன்றைச் சார்ஜ் செய்ய விரும்புபவர் வெளிச் சார்ஜர் ஒன்றை வாங்க வேண்டியிருக்கும். இத்தகைய செய்திகளைக் கடையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ரசீதையும், கேமராவின் அடியில் உள்ள தொடர் எண்ணையும் உத்தரவாத அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உணரி

உணரி என்பது படச்சுருளின் இடத்தில் இருக்கும் சில்லு. இதில் கோடிக்கணக்கான ஒளிப்புள்ளிகள் உள்ளன. இவற்றால் ஒளியின் அளவை மட்டுமே அறிய முடியும். நிறத்தை அறிய முடியாது. அதற்காகப் புள்ளிகளின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் பதிக்கப்படுகின்றன. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வடிவமைத்த, பரவலாகப் பயன்படும் அமைப்பில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் உரியவை. விடுபட்ட நிறங்களை அருகிலுள்ள புள்ளிகளைக் கொண்டு கேமராவே கணக்கிட்டு நிரப்புகிறது.

விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படுவது மெகாபிக்சல் எண்ணிக்கை. ஆனால் 6-க்கு 4 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட 1800-க்கு 1200 புள்ளிகள், அதாவது 22 லட்சத்துக்கும் குறைவான புள்ளிகளே போதும். படத்தின் தரத்தை, குறிப்பாக மங்கிய ஒளியில், அதிகம் தீர்மானிப்பது உணரியின் பரப்பு. சிறிய கேமராக்களில் பரவலாக உள்ள 1/2.3 அங்குல வகை உணரியின் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100-இல் உள்ள 1 அங்குல வகை உணரியின் பரப்பு சுமார் 116 சதுர மில்லிமீட்டர். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட முழுச்சட்ட உணரியின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர்.

இந்த அங்குலப் பெயர்கள் பழைய ஒளிப்பதிவுக் குழாய்களின் விட்டத்தை வைத்து வந்தவை. 1 அங்குல வகை உணரியின் மூலைவிட்டம் உண்மையில் சுமார் 16 மி.மீ. மட்டுமே.

உணரி சிறிதாக இருந்தால் அதன்மேல் விழும் மொத்த ஒளியும் குறைவாக இருக்கும். குறையும் ஒளியை ஈடுகட்டக் கேமரா ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறன் அளவை உயர்த்தும். அப்போது படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றும். இரவில் எடுத்த படம் சொரசொரப்பாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்; கேமராவின் பழுது அல்ல.

லென்ஸும் ஜூமும்

ஜூம் இரு வகைப்படும். ஒளியியல் ஜூமில் லென்ஸின் கண்ணாடிகள் நகர்ந்து காட்சியைப் பெரிதாக்குகின்றன. டிஜிட்டல் ஜூமில் கேமரா படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது. இரண்டு மடங்கு டிஜிட்டல் ஜூம் செய்தால் உணரியின் கால் பங்குப் புள்ளிகளே பயன்படும். இதைக் கணினியிலும் செய்துகொள்ளலாம் என்பதால், அமைப்புகளில் டிஜிட்டல் ஜூமை அணைத்து வைக்கலாம்.

ஒளியியல் ஜூமுக்கும் ஒரு விலை உண்டு. ஆர்எக்ஸ்100 லென்ஸின் திறப்பு, அகலக் கோணத்தில் எஃப்/1.8, முழு ஜூமில் எஃப்/4.9. எஃப் எண் கூடினால் திறப்பு சுருங்கும். இக்கணக்கின்படி முழு ஜூமில் உணரிக்கு வரும் ஒளி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. அதை ஈடுகட்டக் கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். அந்த நேரத்தில் கை அசைந்தால் படம் கலங்கும். எனவே மண்டபம், கோயில் உள்மண்டபம் போன்ற மங்கிய இடங்களில் ஜூம் செய்வதைவிட, முடிந்தால் இரண்டடி முன்னே சென்று எடுப்பதே நல்ல பலன் தரும்.

ஃபிளாஷ்

கேமராவுடன் இணைந்த சிறு ஃபிளாஷின் ஒளி பெரும்பாலும் சில மீட்டர் தூரம்தான் எட்டும். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். மேடையிலிருந்து வெகு தொலைவில் அமர்ந்து ஃபிளாஷ் அடித்தால் முன்வரிசைத் தலைகள் மட்டும் வெளுத்துத் தெரியும். மேடை இருண்டு போகும். அவ்விடத்தில் ஃபிளாஷை அணைத்துவிட்டு, நாற்காலியின் முதுகிலோ தூணிலோ கேமராவைச் சாய்த்து எடுப்பது நல்லது. மாறாக, உச்சி வெயிலில் முகத்தில் நிழல் விழும்போது அருகிலிருந்து ஃபிளாஷ் பயன்படுத்தினால் முகம் தெளிவாகத் தெரியும்.

பேட்டரி

இன்றைய கையடக்கக் கேமராக்கள் பெரும்பாலும் லித்தியம் அயனிப் பேட்டரியில் இயங்குகின்றன. ஆர்எக்ஸ்100-இன் பேட்டரி 3.6 வோல்ட், 1240 மில்லி ஆம்பியர் மணி அளவுடையது. ஒரு முறை முழுமையாகச் சார்ஜ் செய்தால் சுமார் 330 படங்கள் எடுக்கலாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஃபிளாஷ், வீடியோ, நெடுநேரம் திரையைப் பார்ப்பது ஆகியவை இந்த எண்ணிக்கையைக் குறைக்கும்.

இவ்வகைப் பேட்டரியை முழுவதும் தீர்த்த பிறகே சார்ஜ் செய்ய வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. லித்தியம் அயனிப் பேட்டரியை எந்த நிலையிலும் சார்ஜ் செய்யலாம். பல மாதங்கள் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதி அளவு மின்னூட்டத்துடன், வெப்பம் குறைந்த இடத்தில் வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைப்பது கேடு. உப்பிய பேட்டரியைக் கேமராவுக்குள் திணிக்கவோ சார்ஜ் செய்யவோ கூடாது. விமானப் பயணத்தில் உதிரிப் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும்; சரக்கில் அனுப்பும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.

மெமரி கார்டு

எஸ்.டி. கார்டு 1999-இல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய நிறுவனங்களால் அறிமுகப்படுத்தப்பட்டது. இதில் தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் மூன்று முக்கிய வகைகள் உள்ளன.

எஸ்.டி.: 2 ஜி.பி. வரை.
எஸ்.டி.எச்.சி.: 2 ஜி.பி.க்கு மேல் 32 ஜி.பி. வரை.
எஸ்.டி.எக்ஸ்.சி.: 32 ஜி.பி.க்கு மேல் 2 டி.பி. வரை.

புதிய கேமரா பழைய வகைக் கார்டுகளையும் ஏற்கும். பழைய கேமரா புதிய வகையை ஏற்காமல் போகலாம். வீட்டிலிருக்கும் பழைய கேமராவுக்கோ, பயன்படுத்திய கேமராவை வாங்குபவருக்கோ 64 ஜி.பி. கார்டு உதவாமல் போவது இதனால்தான்.

கார்டின் மேல் வட்டத்துக்குள் 10 என்று இருந்தால், நொடிக்குக் குறைந்தது 10 எம்.பி. வேகத்தில் அது எழுதும் என்று பொருள். வி30 என்றால் 30 எம்.பி. படங்களுக்கு முதல் வகையே பெரும்பாலும் போதும். உயர்தர வீடியோவுக்கு வேகமான கார்டு தேவை. ஒரு படம் 6 எம்.பி. எனக் கொண்டால் 32 ஜி.பி. கார்டில் 5000-க்கும் மேற்பட்ட படங்கள் அடங்கும். ஆயினும் ஒரே பெரிய கார்டில் எல்லாவற்றையும் வைப்பதைவிட இரண்டு கார்டுகளில் பிரித்து வைப்பது பாதுகாப்பானது.

கார்டின் இடது ஓரத்தில் சிறு தாழ் ஒன்று இருக்கும். அதைக் கீழே தள்ளினால் கார்டில் எழுதவோ அழிக்கவோ முடியாது. புதிய கேமரா படம் எடுக்க மறுத்தால் முதலில் இத்தாழைப் பார்க்க வேண்டும்.

சந்தையில் போலிக் கார்டுகளும் உண்டு. உள்ளே 8 ஜி.பி. மட்டுமே இருக்க, கணினியில் 64 ஜி.பி. என்று காட்டும்படி இவை மாற்றப்பட்டிருக்கும். அளவைத் தாண்டிய படங்கள் பதிவாவதுபோல் தோன்றிப் பின் திறக்காது. புதிய கார்டு முழுவதையும் ஒரு முறை கோப்புகளால் நிரப்பி, மீண்டும் கணினிக்கு எடுத்துத் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

தவறுதலாகப் படத்தை அழித்துவிட்டால் உடனே அந்தக் கார்டில் படம் எடுப்பதை நிறுத்த வேண்டும். அழிக்கும்போது பெரும்பாலும் கோப்பின் பட்டியல் குறிப்பு மட்டுமே நீங்குகிறது. மேலே வேறு படம் எழுதப்படும் வரை பழைய தரவு கார்டிலேயே இருக்கும். மீட்பு மென்பொருளால் அதைத் திரும்பப் பெற வாய்ப்புண்டு.

பிற துணைக்கருவிகள்

மணிக்கட்டு வார் அலங்காரப் பொருள் அல்ல. வெளியே நீண்டிருக்கும் லென்ஸ் தரையில் மோதினால் அதைப் பழுது பார்க்கும் செலவு கேமராவின் விலையை நெருங்கலாம். ஆகவே பெட்டியிலிருந்து எடுத்தவுடன் முதலில் மாட்ட வேண்டியது வார்தான்.

கேமராவின் அடியில் உள்ள திருகுத்துளை பெரும்பாலும் கால் அங்குல அளவுடையது. எந்த நிறுவனத்தின் முக்காலியும் இதில் பொருந்தும். முக்காலியில் வைத்துப் பத்து நொடி டைமரை இயக்கினால், படம் எடுப்பவரும் குழுப்படத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

லென்ஸைத் துடைக்க நுண்ணிழைத் துணியும், தூசியை ஊதும் ரப்பர்க் குமிழும் போதும். முதலில் தூசியை ஊதிவிட்டுப் பிறகே துடைக்க வேண்டும். இல்லையேல் மணல் துகள் கண்ணாடியைக் கீறும். கடற்கரையில் பறக்கும் மணல், லென்ஸ் நீண்டு மடங்கும் இடுக்கில் புகுந்து அதை அசையாமல் செய்துவிடும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் லென்ஸினுள் பூஞ்சை படரும். இதைத் தடுக்க, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் கேமராவை வைக்கலாம்.

முதல் முறை இயக்கும்போது

பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து போட்டதும் கேமரா தேதியையும் நேரத்தையும் கேட்கும். இதைத் தள்ளிவிடக் கூடாது. ஒவ்வொரு படத்துடனும் இந்தத் தேதி பதிவாகிறது. தேதி தவறினால் பின்னாளில் படங்களை வரிசைப்படுத்த முடியாது. ஆய்வு மாணவருக்கோ, எடுத்த நாளே ஒரு சான்று.

அடுத்து, புதிய கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்ய வேண்டும். படத்தின் அளவையும் தரத்தையும் உயர்ந்த நிலையில் வைக்க வேண்டும். பெரிய படத்தைப் பின்னர் சிறிதாக்கலாம். சிறிய படத்தில் இல்லாத நுணுக்கத்தைப் பின்னர் சேர்க்க முடியாது.

ஷட்டர் பொத்தான் இரு நிலைகளில் அழுந்துவது. பாதி அழுத்தினால் கேமரா குவியத்தைப் பிடிக்கும். திரையில் பச்சைக் கட்டம் தோன்றும். அதன்பின் முழுவதும் அழுத்த வேண்டும். ஒரே மூச்சில் அழுத்துவதே புதியவர்களின் கலங்கிய படங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

கடைசியாக, வீட்டில் ஐம்பது படங்களாவது எடுத்து, அவற்றைக் கணினிக்கு மாற்றி, பெரிய திரையில் திறந்து பார்க்க வேண்டும். நிகழ்ச்சிக்குப் பிறகு படங்களை இரண்டு இடங்களில் சேமித்து, இரண்டும் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே கார்டை அழிக்க வேண்டும்.