உறை மோர் மாதிரிதான் உயிர் உரமும்!

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். கொல்லைப்புறம் என்று பெயருக்குக் கொஞ்சம் இடம். அதிலும் பாதி, வீடு கட்டியபோது கொட்டிய சல்லி. போன ஆடியில் கத்தரியும் தக்காளியும் வைத்தேன். மாதம் ஒன்றாகியும் செடி எழும்பவில்லை, அடியிலைகள் மஞ்சளடித்துவிட்டன.

"உயிர் உரம் போட்டுப் பாரேம்மா" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வேளாண்மை விரிவாக்க மையத்தில் அசோஸ்பைரில்லம் ஒன்று, பாஸ்போபாக்டீரியா ஒன்று, 200 கிராம் பாக்கெட்டுகளாக வாங்கி வந்தேன். ஒரு வாரம் ஜன்னலில் வெயில் காய்ந்தது. பிறகு யூரியாவோடு கலந்து தூவினேன். ஊஹூம், ஒரு பலனும் இல்லை!

பெரியம்மா சிரித்தார். "கொதிக்கிற பாலிலே உறை ஊத்தினா தயிர் தோயுமா? இதிலே இருக்கிறதும் உயிர்தானே!"

உண்மைதான். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அசோஸ்பைரில்லம் வேரோரம் தங்கி, அதைத் தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைப் பாஸ்போபாக்டீரியா, தான் சுரக்கும் அமிலத்தால் கரைத்துக் கொடுக்கிறது. அவரை, உளுந்துக்கு ரைசோபியம். வேர் முடிச்சில் வாழும் இதை 1888-ல் பிரித்தெடுத்தவர் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெய்யரிங்க். அவரைச் செடியை மெதுவாகப் பிடுங்கி முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் முறை ஜாக்கிரதையாக இருந்தேன். காலாவதித் தேதி பார்த்து வாங்கி, நிழலில் வைத்தேன். இரண்டு கைப்பிடி தூளை ஒரு கூடை மக்கிய எருவோடு பிசிறி, சாயங்காலம் வேரோரம் மண்ணைக் கிளறி, செடிக்கு ஒரு கைப்பிடி வைத்து மூடித் தண்ணீர் தெளித்தேன். ரசாயன உரமோ பூச்சிமருந்தோ கூடச் சேர்க்கவில்லை. விதைக்கானால், ஆறின அரிசிக் கஞ்சியில் தூளைக் கலந்து விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம்.

மறுநாளே காய்க்கும் மாயமில்லை இது. எருவும் பொறுமையும் வேண்டும். சில வாரங்களில் புது இலைகள் பச்சையாக விரிந்தன. தை பிறக்குமுன் எங்கள் வீட்டுக் கத்தரிக்காயில் கொத்சு! முதல் கிண்ணம் பெரியம்மா வீட்டுக்குத்தான் போனது.