முதலில் வணக்கம், பிறகு வியாபாரம்

"அரைக் கிலோ துவரம்பருப்பு" என்று கேட்டுக்கொண்டே வாடிக்கையாளர் கடைக்குள் நுழைந்தால் நாம் யாரும் தவறாக எண்ணுவதில்லை. கை தானாகத் தராசுக்குப் போகிறது. பிரான்ஸ் நாட்டில் இப்படிக் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். உள்ளே காலடி வைத்ததும் பெண்ணானால் "போன்ஜூர் மதாம்", ஆணானால் "போன்ஜூர் மொசியே" என்று சொல்லியாக வேண்டும். (புதுச்சேரி அன்பர்களுக்கு இச்சொற்கள் புதியவை அல்ல.) ஒன்றும் வாங்காமல் திரும்பினாலும் விடை சொல்லிக்கொண்டே வெளியேற வேண்டும். கடையைக் கடைக்காரரின் வீட்டுக் கூடம் போலக் கருதுகிறார்கள். பிறர் வீட்டுக்குள் பேசாமல் நுழைவது மரியாதையா?

சந்தையில் இன்னும் கண்டிப்பு. கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பதும், வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதும் நம் ஊர் வழக்கம். அங்கே பல கடைகளில் பழத்தைத் தொட்டாலே அதட்டல் விழும். தேர்ந்தெடுத்துக் கொடுப்பது வியாபாரியின் வேலை. முலாம்பழம் கேட்டால், "இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா?" என்று விசாரித்து, அதற்கேற்ற பக்குவத்தில் ஒன்றை எடுத்துத் தருவார். பாலாடைக்கட்டிக்கும் இதே கேள்விதான். தன் சரக்கை அறிந்தவர் என்ற பெருமை அவருக்கு. நாம் அழுத்திப் பார்த்தால் அந்தப் பெருமையில் கை வைத்ததாக ஆகிவிடுகிறது. தினமும் நசுங்கிய தக்காளியைக் கழித்துக்கட்டும் நமக்கு இந்த ஏற்பாட்டின் மேல் கொஞ்சம் பொறாமை வருவது இயல்பே!

இதில் அதிகம் மனத்தாங்கல் அடைபவர்கள் அமெரிக்கப் பயணிகள். அவர்கள் நாட்டு ஓட்டலில் சர்வர் சிரித்த முகத்தோடு அடிக்கடி வந்து விசாரிப்பார். காரணம் உண்டு. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். 1991 முதல் அது உயரவில்லை. பல மாநிலங்கள் மட்டும் கூடுதலாக நிர்ணயித்துள்ளன. சிரிப்பிலும் பாதிச் சம்பளம் இருக்கிறது. பிரான்சிலோ பில் தொகையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம். கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைப்பது, 'எழுந்து போங்கள்' என்று சொல்வதற்குச் சமம் என்று அங்குள்ள சர்வர் ஒதுங்கி நிற்பார். அமெரிக்கரோ தம்மைக் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொள்வார். இருவருமே மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்!

2013-இல் நீஸ் நகரத்துக் காப்பிக் கடை ஒன்று பலகையில் மூன்று விலை எழுதி வைத்தது. "ஒரு காப்பி" என்று மட்டும் கேட்டால் 7 யூரோ. "தயவுசெய்து" சேர்த்தால் 4.25. "போன்ஜூர், தயவுசெய்து ஒரு காப்பி" என்றால் 1.40. வேடிக்கைக்காக எழுதியதுதான் என்றாலும் செய்தி உலகெங்கும் பரவி, கடைக்குச் செலவில்லாத விளம்பரம் கிடைத்தது.

அதே ஆண்டில் பாரிஸ் வணிகத் தொழில் சபையும் சுற்றுலாக் குழுவும் விஷயத்தை வியாபாரக் கண்ணோடு பார்த்தன. முகம் சுளித்துத் திரும்பும் பயணி அடுத்த ஆண்டு வேறு நாட்டில் அல்லவா பணத்தைச் செலவிடுவார்? கடைக்காரர், சர்வர், டாக்சி ஓட்டுநர் ஆகியோருக்கென ஒரு சிறு கையேட்டை 30,000 பிரதிகள் அச்சிட்டு வழங்கினார்கள். ஆங்கிலேயரைப் பெயர் சொல்லி அழைக்கலாம். அமெரிக்கருக்கு விலை விவரத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சீனருக்கு ஒரு புன்னகையும் அவர் மொழியில் ஒரு வணக்கமும் போதும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தார்கள். ஒரு வணிகர் சங்கம் தன் உறுப்பினர்களுக்குச் செய்யக்கூடிய உருப்படியான காரியம் இது.

கொள்முதலுக்கோ சுற்றுலாவுக்கோ அங்கே செல்லும் அன்பர்கள் பகலில் "போன்ஜூர்", மாலையில் "போன்ஸ்வார்" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். பழத்தைக் கையால் காட்டினால் போதும், எடுக்க வேண்டாம்.