விளையாட்டில் சேர்ந்த காசு, புற்றுநோயை விரட்ட!

திருவனந்தபுரம்: பையன் செல்போனில் விளையாடிக் கொண்டிருந்தால் "உருப்படாத வேலை" என்று திட்டாத பெற்றோர் இல்லை. அதே விளையாட்டைப் பத்துப் பேர் பார்க்க ஆடிக்காட்டி, பார்ப்பவர்களிடம் உண்டியல் ஏந்தி, புற்றுநோய் ஒழிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் கோடிக்கணக்கில் பணம் சேர்த்திருக்கிறார்கள் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

கிரிக்கெட் பந்தயத்தை டெலிவிஷனில் நேரடியாகக் காட்டுவது போல, கம்ப்யூட்டர் விளையாட்டையும் இன்டர்நெட் வழியாக நேரடியாக ஒளிபரப்புகிறார்கள். அமெரிக்காவில் 'கேம்ஸ் டன் குவிக்' என்ற குழு இதில் பெயர் பெற்றது. ஒரு விளையாட்டை எவ்வளவு விரைவாக ஆடி முடிக்கலாம் என்பதுதான் இவர்களுடைய போட்டி. இரவு பகலாக ஒரு வாரம் ஓயாமல் நடக்கும். 2010-ல் ஒரு வீட்டின் நிலவறையில் சில நண்பர்கள் கூடி இதைத் தொடங்கினார்கள். முதல் முறை சேர்ந்தது பத்தாயிரம் டாலருக்குச் சற்று அதிகம். 2011 முதல் ஜனவரி மாத வசூல் புற்றுநோய்த் தடுப்புக்கும், அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதற்கும் பாடுபடும் ஓர் அறக்கட்டளைக்குப் போகத் தொடங்கியது. 2022 ஜனவரியில் மட்டும் சேர்ந்தது 34 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 25 கோடி ரூபாய்!

பிராணிகளைக் காப்பாற்றுவதா, விடுவதா?

பணம் சேரும் விதம் வேடிக்கையானது. 'சூப்பர் மெட்ராய்ட்' என்றொரு விளையாட்டு. முடிவில் ஒரு கிரகம் வெடிக்கப் போகிறது. ஆடுகிறவர் தப்பி ஓட வேண்டும். வழியில் சில பிராணிகள் சிக்கியிருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றினால் சில வினாடிகள் வீணாகும். காப்பாற்றுவதா, விட்டுவிட்டு ஓடுவதா? அதைத் தீர்மானிப்பவர்கள் பார்வையாளர்கள். எந்தக் கட்சிக்குப் பணம் அதிகம் சேர்கிறதோ அதன்படி நடக்கும். ஐந்து டாலர், பத்து டாலர் என்று இரு கட்சியாரும் போட்டி போட்டுக் கொடுக்கிறார்கள். எந்தக் கட்சி ஜெயித்தாலும் லாபம் புற்றுநோய் ஒழிப்புப் பணிக்குத்தான்.

மார்பகப் புற்றுநோய்க்கென்றே நடந்த பெரிய வசூல் 2018-ல். 'ஓவர்வாட்ச்' என்ற விளையாட்டில் மெர்சி என்ற வைத்தியப் பெண் பாத்திரத்துக்கு இளஞ்சிவப்பு உடை ஒன்றைத் தயாரித்து, 15 டாலருக்கு விற்றார்கள். திரையில் மட்டும் தெரியும் உடைதான். ஆனாலும் ரசிகர்கள் வாங்கிக் குவித்தார்கள். மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்துக்குக் கிடைத்தது 1 கோடியே 27 லட்சம் டாலர்.

இது பணம் கட்டி ஆடும் சூதாட்டம் அல்ல. அந்த வகை ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றித் தடை விதித்தது. இங்கே கொடுப்பவருக்குப் பணமாகத் திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை.

லாட்டரிச் சீட்டும் உதவியது

கேரளத்துக்கு இப்படிப்பட்ட யோசனை புதிதல்ல. 1967-ல் அரசாங்கமே லாட்டரி நடத்த முன்வந்த மாநிலம் இது. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரிக்குத் தடை வந்தது. இங்கே 2011-ல் 'காருண்யா' என்ற சீட்டே தனியாக வந்தது. அதன் வருமானம் புற்றுநோய், இருதயம், சிறுநீரக நோயால் வாடும் ஏழைகளின் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிகிச்சைக்குக் கொடுக்கும் பணம் இன்று நோயில் கிடப்பவரைக் காப்பாற்றும். ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் நாளை நோய் வரக்கூடியவரைக் காப்பாற்றும். இரண்டும் தேவை.

நம் ஊரில் நடந்த சோதனை

ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் பூதக்கண்ணாடியும்தான் என்று நினைக்க வேண்டாம். இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் வீதி வீதியாக ஓர் ஆராய்ச்சி நடந்தது. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-ல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையமும் வெளிநாட்டு நிபுணர்களும் சேர்ந்து 2006-ல் இதை ஆரம்பித்தார்கள். 275 வார்டுகளில் 30 முதல் 69 வயது வரையுள்ள 1,15,652 பெண்கள் இதில் சேர்க்கப்பட்டார்கள். பாதி வார்டுகளில், பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் கையாலேயே மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். பெரிய யந்திரம் எதுவும் இல்லை. மற்ற வார்டுகளில் வழக்கமான வைத்திய வசதி மட்டுமே.

முதல் சுற்றின் முடிவு 2011-ல் வெளியாயிற்று. பரிசோதனை செய்துகொண்டவர்கள் 50,366 பேர். சந்தேகத்துக்கு இடமானவர்கள் 2,880 பேர். அவர்களில் புற்றுநோய் என்று உறுதியானது 30 பேருக்கு மட்டுமே. பரிசோதனை நடந்த வார்டுகளில், ஆரம்பக் கட்டத்திலேயே பிடிபட்ட நோய் லட்சம் பெண்களுக்கு 18.8. மற்ற வார்டுகளில் 8.1தான். அதாவது, நோய் முற்றுவதற்கு முன் பிடிபட்டது இரண்டு மடங்குக்கும் மேல்! ஆனால் இந்தச் சோதனையில் ஏறக்குறைய பாதி நோய் தப்பிப் போனதும் உண்மை. ஒரு முறை பார்த்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998-ல் இதே போன்ற ஆராய்ச்சியைக் குடிசைப் பகுதிகளில் தொடங்கியது. 1,51,538 பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. அதைவிடச் சிறு வயதினரிடம் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. இப்படி நல்லதையும் குறையையும் எண்ணிச் சொல்லத்தான் ஆண்டுக்கணக்கில் ஆட்களும் பணமும் வேண்டியிருக்கிறது.

மறைக்க வேண்டாம்

இந்தியாவில் 2022-ல் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டதாகவும், சுமார் 98,000 பேர் இறந்ததாகவும் சர்வதேச மதிப்பீடு ஒன்று கூறுகிறது. நோய் முற்றிய பின் வருவதே இத்தனை சாவுக்கு முக்கிய காரணம். வலி இல்லையே என்று கட்டியை அலட்சியம் செய்வார்கள். வலி இல்லாத கட்டிதான் அதிகம் கவனிக்க வேண்டியது. காம்பிலிருந்து ரத்தமோ நீரோ கசிதல், தோல் குழிவிழுதல், காம்பு உள்ளே இழுத்துக்கொள்ளுதல், அக்குளில் நெறி கட்டுதல் ஆகியவையும் அறிகுறிகளே.

கட்டியெல்லாம் புற்றுநோய் ஆகிவிடாது. 2,880 பேரில் 30 பேர் என்ற கணக்கே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த முப்பதில் ஒருவர் யார் என்பது டாக்டரிடம் போனால்தான் தெரியும். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் நம் பெண்கள், ஒரு நாள் கூலி போகுமே என்றும், வெட்கத்தினாலும் தள்ளிப் போடுகிறார்கள். வீட்டு ஆண்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ரயிலில் சலுகை

குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்தும் ஏராளமானோர் சிகிச்சைக்காக இங்கே வருகிறார்கள். புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சேரவோ, மறு பரிசோதனைக்கோ செல்லும்போது, ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழு இலவசம். துணைக்குச் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இரண்டாம் வகுப்பில் இருவருக்குமே 75 சதவீதம் தள்ளுபடி. சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியில் அதற்குரிய படிவத்தில் சான்றிதழ் வாங்கி, டிக்கெட் கவுண்டரில் காட்ட வேண்டும்.

முகம் தெரியாத பெண்களுக்காக எங்கோ இருக்கும் விளையாட்டுப் பிள்ளைகள் ஐந்தும் பத்துமாகக் கொடுக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்களுக்காக நாம் ஒரு நாள் கூலியை விட்டுக் கொடுக்கக் கூடாதா?